அப்பா எதுவும் சொல்லவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு ஃபார்வேர்டு வந்தது. எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட வழக்கைப் பற்றியது. "கோர்ட்டில் நடந்த, யாருக்கும் தெரியாத உண்மை" என்று தலைப்பு. இன்னார் இப்படி அழுதார், இன்னார் இப்படிச் சொன்னார் என்று, பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருந்தது. கடைசியில் எழுதியவர் பேர் மட்டும் இல்லை.

உடனே என் தங்கை பேரன் போன் செய்தான். காலேஜில் படிக்கிற பையன். "பெரிய பாட்டி, உங்க அப்பா அந்தக் கோர்ட்டுலதானே வேலை பார்த்தாரு? இதெல்லாம் நிஜமா? அவர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலடா" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க பாட்டி" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாருமே இதை நம்பியதில்லை. அதனால் இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா சொல்லாததைப் பற்றியும், அவர் சொன்னதாக நான் சொன்னதைப் பற்றியும்.

என் அப்பா செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் டவாலி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டவாலி என்றால் தெரியாது. வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. கோர்ட்டு ஹால் வாசலில் நின்று, உள்ளேயிருந்து சொல்லும் பேரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்ப்பாள். நான் அதில் முகம் பார்ப்பேன்.

வாரம் முழுக்க அப்பா செங்கல்பட்டிலேயே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து சென்ட்ரல் வந்து, அரக்கோணம் பக்கம் போகும் கரி வண்டியைப் பிடித்து அம்பத்தூரில் இறங்குவார். அங்கிருந்து நடை. அப்போது திருமுல்லைவாயில் ஒரு கிராமம். இன்றைக்கு அபார்ட்மெண்டு நிற்கும் இடத்திலெல்லாம் நெல் விளைந்தது. அம்பத்தூரில் எஸ்டேட் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆவடியில் டாங்கி ஃபாக்டரி வந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் வயலுக்கும் பாதிப் பேர் ஃபாக்டரிக்கும் போன காலம்.

1967 ஜனவரி 12, வியாழக்கிழமை. மறுநாள் போகி. எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ராத்திரி டீக்கடை வாசலில் திடீரென்று கூச்சல் கேட்டது. பெரியப்பா ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாத்தியாரைச் சுட்டுட்டாங்களாம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரில் வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை, எம்.ஜி.ஆர்.தான். அந்தப் பொங்கலுக்குப் பல வீட்டில் பானை வைக்கவில்லை. பச்சையம்மன் கோயிலில் பெண்கள் கற்பூரம் ஏற்றி அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். வீட்டுக்கு எம்.ஆர்.ராதாவும், 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தின் தயாரிப்பாளர் வாசுவும் போனார்கள். அங்கே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் காதோரம் பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது. ராதா உடம்பிலும் குண்டுக் காயங்கள். இரண்டு பேரையும் முதலில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் போஸ்டர் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அண்ணா முதலமைச்சரானார்.

ராமாவரம் தோட்டம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். எங்கள் திருமுல்லைவாயிலும் அந்த மாவட்டம்தான். அதனால் சைதாப்பேட்டை மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு, விசாரணைக்குச் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. கொலை முயற்சி என்று ஒரு குற்றச்சாட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று தற்கொலை முயற்சி இன்னொன்று. ராதா தரப்பு குற்றத்தை மறுத்தது. அவருக்காக வாதாடியவர் என்.டி.வானமாமலை. சம்பவம் நடந்த அறையில் இருந்தது மூன்றே பேர், அதில் இரண்டு பேர் குண்டடி பட்டவர்கள். அதனால் எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்ற தடயவியல் சாட்சியம் பெரிதாகப் பேசப்பட்டது. இதெல்லாம் நான் பிற்பாடு பேப்பரிலும் புத்தகத்திலும் படித்தது. அப்பா சொன்னதல்ல.

வழக்கு செங்கல்பட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டு மவுசே மாறிப்போனது. சனிக்கிழமை ராத்திரி அப்பா வரும் வழியில் டீக்கடையில் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

"இன்னாபா கோர்ட்டுக்காரரே, இன்னா சேதி?"

"மழை இல்ல. செங்கல்பட்டு ஏரியில தண்ணி கொறைஞ்சிடுச்சு" என்பார் அப்பா.

"அத்த யார் கேட்டா? கேஸ் இன்னா ஆச்சு?"

"நடக்குது."

அவ்வளவுதான். டீக்கடைக்காரர் டீயைக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்பார். அப்பா காசை வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஊருக்கு இது பிடிக்கவில்லை. "பெரிய ஜட்ஜுன்னு நெனப்பு" என்றார்கள். "இவன் ராதா ஆளுப்பா" என்றும் சிலர் சொன்னார்கள். பெரியப்பாவே ஒரு நாள் கோபித்துக்கொண்டார். "எங்கிட்ட கூடவாடா சொல்லக் கூடாது?"

அதற்கு அப்பா சொன்ன பதில் எனக்கு மறக்காது. "அண்ணே, நம்ம ஊர் நந்தி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு?"

எங்கள் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மற்ற ஊர்களில் நந்தி சாமியைப் பார்த்து இருக்கும். இங்கே சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து இருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகக் கிளம்பத் திரும்பியது என்று தல புராணத்தில் சொல்வார்கள். "நானும் அப்படித்தான். உள்ள நடக்கிறதுக்கு முதுகு. வாசல்தான் என் வேலை" என்றார் அப்பா. பெரியப்பா சிரித்துவிட்டார்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயசுப் பெண்ணுக்கு அப்பாவின் மௌனத்தால் என்ன லாபம்?

செப்டம்பரில் 'காவல்காரன்' வந்தது. குண்டடிக்குப் பிறகு மாறிப்போன குரலோடு எம்.ஜி.ஆர். பேசிய படம். என் வகுப்பில் ஒரு பெண் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். என் பக்கம் ஒருத்தியும் இல்லை. காலாண்டு லீவு முடிந்து அக்டோபரில் ஒரு நாள், வேப்ப மரத்தடியில், நான் வாயைத் திறந்தேன்.

"எங்கப்பா அந்தக் கோர்ட்டுலதான் இருக்காரு. ஜட்ஜு தூக்குன்னு எழுதி வெச்சுட்டாரு. எங்கப்பாவே பார்த்தாராம்."

பாட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு அத்தனை பேரும் என் பக்கம் வந்தார்கள். இன்னும் கேட்டார்கள். இன்னும் சொன்னேன். எந்தப் பேனாவில் எழுதினார், என்ன மையில் எழுதினார் என்பது வரைக்கும் சொன்னேன். பொய்க்கு விவரம் சேரச் சேர பலம் வரும் என்பதை அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே சேதி டீக்கடைக்குப் போய்விட்டது. சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் அது தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி அப்பா வந்தபோது டீக்கடையில் சோடா உடைத்து நீட்டினார்களாம். "வாத்தியாரைச் சுட்டவருக்குத் தூக்காமே! நீயே கண்ணால பார்த்தியாமே! வீட்டுல சொல்ற, எங்களுக்குச் சொல்லக் கூடாதா?"

அப்பா வீட்டுக்கு வந்து கால் கழுவினார். திண்ணையில் உட்கார்ந்தார். "பாப்பா, இங்க வா" என்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, கேள்வி கேட்டார்.

"தூக்குன்னு யார் சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? ஒருத்தர் பேரைச் சொல்லு."

சொல்ல முடியவில்லை.

"நான் சொன்னேன்னு சொன்னியாமே. எப்போ சொன்னேன்? எந்த இடத்துல? அப்போ கூட யார் இருந்தாங்க?"

நான் அழ ஆரம்பித்தேன். "நான்தாம்பா சொன்னேன். நானாத்தான் சொன்னேன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த செக்‌ஷன்ல தூக்கே கிடையாதும்மா" என்றார். கொலை முயற்சிக்கு 307. ஆயுள் தண்டனை பெற்ற கைதி செய்தாலொழிய அதற்குத் தூக்கு இல்லை. அதிகபட்சம் ஆயுள்தான். ஊரே நம்பிய அந்தச் சேதி சட்டப்படி நடக்கவே முடியாத சேதி. யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா, "கொழந்த ஏதோ ஒளறிச்சு, விடுங்க" என்றாள்.

"வேலை போனா போகட்டும், அது வேற. ஜட்ஜு எழுதறதுக்கு முன்னாடியே தீர்ப்பு தெரு சுத்துச்சுன்னா, அப்புறம் அவர் என்ன எழுதினாலும் யார் நம்புவாங்க? அதுவும் என் வீட்டுலருந்து கெளம்பினது" என்றார் அப்பா. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அர்த்தம் புரியவில்லை. குரல் நடுங்கியது மட்டும் புரிந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் எண்ணெய் வைத்துத் தலை பின்னச் சொன்னார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் எங்கள் வகுப்பு டீச்சர் வீடு. அப்புறம் பாட்டுப் புத்தகக்காரி வீடு. அப்புறம் ஒவ்வொரு வீடாக. கடைசியில் முடிவெட்டும் கடை, டீக்கடை. மொத்தம் பதினொரு இடம். எல்லா இடத்திலும் நான் சொல்ல வேண்டியது ஒன்றே. "நான் சொன்னது பொய். எங்கப்பா எதுவும் சொல்லல."

முதல் வீட்டில் வாயே வரவில்லை. அப்பா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, எனக்குப் பதிலாக அவரும் சொல்லவில்லை. ஐந்தாவது வீட்டில் அழுகை நின்றுவிட்டது. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னபோது ஒருவர் சிரித்தார். "இன்னாபா, கொழந்த பேச்சுக்குப் போயி இத்தினி தூரம்?"

"கொழந்த பேச்சுன்னு அன்னிக்கே நீங்க விட்டிருந்தா, நான் இன்னிக்கு வந்திருக்க மாட்டேங்க" என்றார் அப்பா.

யாரும் பேசவில்லை. அப்பா ஒரு டீ சொல்லி, பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை என்று பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். திங்கட்கிழமை அப்பா கோர்ட்டுக்குப் போய், மேலே இருந்தவரிடம் நடந்ததைத் தானே சொல்லியிருக்கிறார். யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்காதீர்கள் என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள். இவர் கேட்கவில்லை. "என் வீட்டுலருந்து ஒரு பேச்சு கெளம்பிடுச்சு. தீர்ப்பு முடியற வரைக்கும் நான் அந்த ஹால் வாசல்ல நிக்கறது சரியில்ல" என்று சொல்லி, ரிக்கார்டு அறைக்கு மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

1967 நவம்பர் 4, சனிக்கிழமை. தீபாவளி முடிந்த அதே வாரம். நீதிபதி லட்சுமணன் தீர்ப்புச் சொன்னார். ஏழு வருஷம் கடுங்காவல். தமிழ்நாடே காத்துக்கிடந்த அந்த நாளில், அந்தக் கட்டடத்திலேயே இருந்தும், என் அப்பா அதைக் கேட்கவில்லை. பழைய கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் மரத்தடியில் சொன்ன நாலு வாக்கியத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

அன்று ராத்திரி வழக்கம் போல வந்தார். டீக்கடையில், "ஏழு வருஷமாமே கோர்ட்டுக்காரரே?" என்றார்கள்.

"ஆமா, ரேடியோல சொன்னாங்க" என்றார் அப்பா.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. 1971-ல் ராதா விடுதலையானார், மறுபடி நாடகம் போட்டார். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் காலமானார். அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம். பேப்பரில் ராதா படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். "இனிமேலாவது சொல்லுங்கப்பா. அங்க என்னதான் பார்த்தீங்க?"

பேப்பரை மடித்து வைத்தார். "நான் வாசலைப் பார்த்து நின்னவன். நான் பார்த்தது ஜனங்களை. வெயில்ல நிப்பாங்க, மதில் மேல ஏறி நிப்பாங்க. அத்தனை பேரும் மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டு வந்தவங்க. ஒரு பக்கம் தூக்குல போடணும்னு, இன்னொரு பக்கம் விட்டுடணும்னு. உள்ள ஒருத்தர்தான் இன்னும் எழுதாம கேட்டுக்கிட்டு இருந்தாரு. நீ டீச்சராப் போகப் போற. அவ்வளவுதான் நான் பார்த்தது."

வழக்கைப் பற்றி அப்பா என்னிடம் பேசியது மொத்தமே இவ்வளவுதான். அதிலும் வழக்கு இல்லை.

நிற்க. இதைப் படிப்பவர்களில் பலர் என் மாணவர்கள். அப்பா பெண் என்பதால் டீச்சர் சரியாகவே நடந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.

1993-ல் நான்காம் வகுப்பு. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போகப் பிள்ளைகளிடம் வசூலித்த பணம், 85 ரூபாய், மேசை மேலிருந்து காணாமல் போனது. "அவன்தான் டீச்சர் இன்டர்வெல்ல உள்ள வந்தான்" என்று நாலைந்து பேர் ஒரு பையனைக் காட்டினார்கள். வீட்டில் கஷ்டம் உள்ள பையன். நான் ஸ்கேலால் கையில் இரண்டு போட்டேன். பீரியட் முடியும் வரை வெளியே நிற்க வைத்தேன். அவன் "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் கேட்கவில்லை. நான்காம் நாள் நோட்ஸ் ஆஃப் லெசன் எழுத எடுத்தபோது, அதன் பிரௌன் அட்டைக்குள் 85 ரூபாயும் அப்படியே இருந்தது. நானே செருகி வைத்து மறந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்ணெய் வைத்துப் பின்னிய என் தலையும், அந்தப் பதினொரு இடங்களும்தான் கண் முன்னால் வந்தன. மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். "பணத்தை அவன் எடுக்கவில்லை. தப்பு செய்தது டீச்சர்." சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், தெருவில் நாலு பேர் காதில் விழும்படி மறுபடியும் சொன்னேன். அவன் அம்மா பதறிப் போய், "விடுங்க டீச்சர், உள்ள வாங்க, காப்பி போடுறேன்" என்றாள். அவன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் பேரை எழுதவில்லை. போன பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாய். அந்த நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இரண்டு அடியைத் திருப்பி எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உன் அப்புறம் வந்த இருபத்துச் சொச்சம் வருஷத்தில், 'யார் பார்த்தது' என்று கேட்காமல் நான் எந்தப் பிள்ளை மேலும் கை வைத்ததில்லை. கேட்ட பிறகு, பெரும்பாலும் கை வைக்க அவசியமே வரவில்லை.

இப்போது அந்த ஃபார்வேர்டுக்கு வருகிறேன். அதில் எழுதியிருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர் யார், எங்கே நின்று பார்த்தார் என்று அதில் இல்லை என்றுதான் சொல்கிறேன். பேனாவும் மையும் வரைக்கும் விவரம் இருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. அதை நானே செய்து பார்த்திருக்கிறேன். குரூப்பில் அதை மேலும் பத்துப் பேருக்கு அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அனுப்புவதற்கு முன் திண்ணையில் அப்பா என்னைக் கேட்ட கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். யார் சொன்னது, எப்போது, எந்த இடத்தில், கூட யார் இருந்தார்கள்?

வில்லையை அப்பா ரிடையராகும்போது கோர்ட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் நினைவாக என்னிடம் பொருள் என்று எதுவும் இல்லை. நேற்று பிரதோஷம். கோயிலுக்குப் போனேன். எல்லாரும் நந்தி அபிஷேகம் பார்க்க முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் நந்தி பார்க்கும் பக்கமாகத் திரும்பி, வாசலைப் பார்த்து நின்றுவிட்டு வந்தேன்.

தம்பிப் பேரா, உனக்குப் பதில் இதுதான். உன் கொள்ளுத்தாத்தா எதுவும் சொல்லவில்லை. நம்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருமுல்லைவாயில்